புளி தின்ற கல்: வரிக் கல்லின் பெயர் கேட்டு மைசூருக்கு ஒரு நாள்

மகளின் கல்லறைக் கல் என் கையாலேயே கெட்டுப்போனது. அது என்ன கல், ஏன் கெட்டது, இனி எந்தக் கல் வைத்தால் நிற்கும் என்று கேட்டுக்கொண்டு வரத்தான் ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மைசூருக்குப் போனேன். காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிட்டேன். வழக்கமாக நான் இங்கே கோயில் பயணங்கள்தான் எழுதுவேன். எந்த பஸ், எவ்வளவு நேரம், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று. இதுவும் அப்படித்தான், போன இடம் மட்டும் கல் கடை. எங்கள் பக்கத்துப் பெண்கள் யாராவது கல் வாங்கப் போனால் உதவட்டும் என்று எழுதுகிறேன். ஏழாவது வரை படித்தவள் நான். கல்லைப் பற்றி அதிகம் படித்தவர்கள் தப்பு கண்டால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், கர்நாடகாவில் ஹனூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. மகள் ரோஸ்லின் மைசூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் ஐந்தாம் நாள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவளுக்குக் கோடு போட்டது என்றால் உயிர். துணிக்கடையில் நூறு சுடிதார் விரித்துப் போட்டாலும் கோடு போட்டதைத்தான் எடுப்பாள். அதனால் வருஷ பூசைக்குக் கல்லறை கட்டியபோது, வரி வரியாக இருந்த ஒரு கல்லை நான்தான் கேட்டு வாங்கினேன். தேன் நிறம், நடுநடுவே வெள்ளைக் கோடு. வெயில் பட்டால் உள்ளே விளக்கு ஏற்றி வைத்தது மாதிரி இருக்கும். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடைக்காரருக்கே தெரிந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். பில்லில் ‘ஓனிக்ஸ் கிரானைட்’ என்று எழுதிக் கொடுத்தார்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின நாள் நாங்கள் பெண்கள் எல்லாரும் வாளி, தென்னை நார், துடைப்பம் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். சிமெண்டுக் கல்லறை என்றால் சுண்ணாம்பு அடிப்பார்கள். கல் வைத்தவர்கள் மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்த்துக் கழுவுவார்கள். வீட்டில் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டை எதைப் போட்டுத் தேய்க்கிறோம்? புளிதானே. அதே பழக்கத்தில் நானும் புளியைக் கரைத்துக் கல் முழுக்கப் பூசி, அரை மணி நேரம் ஊறவிட்டு, கறை போகாத இடத்தில் எலுமிச்சம்பழத்தையும் பிழிந்து, நார் போட்டு அழுத்தித் தேய்த்தேன். கழுவிப் பார்த்தால் பளபளப்பு போய், உப்பு பூத்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. கல்லில் லேசாகத்தான் பெயரைச் செதுக்கித் தங்கப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பெயரில் பாதி நாரோடு வந்துவிட்டது.

என் தம்பி, “கிரானைட்டுன்னா புளிக்கெல்லாம் அசையாதுக்கா, நீ என்னத்தப் போட்ட?” என்றான். கடைக்காரருக்குப் போன் செய்தால், “தேச்சது நீங்கதானேம்மா” என்று வைத்துவிட்டார். ஃபாதர், “மழையில போயிருக்கும், மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார். ஆளுக்கொன்று சொன்னார்கள். அன்றைக்குப் பிறகு நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினால் நான் நேரே வீட்டுக்கு வந்துவிடுவேன். கடைசியில் தம்பியை அனுப்பி, கல்லின் ஓரத்திலிருந்து கட்டை விரல் அளவு ஒரு சில்லு உடைத்து வாங்கிக்கொண்டேன். அதைக் கைக்குட்டையில் முடிந்து, பழைய பில்லையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

ஹனூரில் காலை 6.10 பஸ். கொள்ளேகால் வரை இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். அங்கே இறங்கி மைசூர் பஸ். அது அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நரசிபுரத்தில் பத்து நிமிஷம் நிற்கும். சாதாரண அரசு பஸ்ஸில் கர்நாடகாப் பெண்களுக்குச் சீட்டு இலவசம், ஆதார் மட்டும் கையில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பலருக்குத் தமிழ்நாட்டு முகவரியிலேயே ஆதார் இருக்கும், அதைக் காட்டினால் காசுதான். மைசூர் வெளியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி 9.20.

ஆட்டோக்காரர் கன்னடம் கலந்த தமிழ் பேசினார். எங்கே போகணும் என்றதும் கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினேன். “இது என்ன கல்லுன்னு சொல்ற ஆளுகிட்ட கூட்டிட்டுப் போங்க.”

“கல்லுக்கு டாக்டர் தேடுறீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டு, “அக்ரஹாரம் ஏரியாவுல ராசிக்கல் விக்கிற பாய் ஒருத்தர் இருக்கார். அங்க கேப்போம். ஆமேலே, அப்புறமா, கிரானைட் யார்டு. அது ஸ்வல்ப தூரம்” என்றார்.

ரோஸ்லின் தங்கியிருந்த ஹாஸ்டல் இருக்கும் ரோட்டில் மட்டும் போக வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். நான் கைக்குட்டையைத் திரும்ப முடிந்துகொண்டேன். அவர் சுற்றிக்கொண்டு போனார். ஐம்பது ரூபாய்தான் வாங்கினார்.

பாய் கடை ஆறடிக்கு ஆறடி இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் மோதிரக் கல், மாலை மணி எல்லாம். வரி போட்ட கல்லிலேயே பத்து விதம் வைத்திருந்தார். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டதைச் சுலைமானி என்றார், பழுப்பில் வளையம் வளையமாக இருந்ததை ஹகீக் என்றார். என் சில்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்னன்னு சொல்லிக் கொடுத்தாங்கம்மா?”

“பில்லுல ஓனிக்ஸுன்னு போட்டிருக்குதுங்க.”

“எவ்வளவு பெருசு?”

“மூணடிக்கு ரெண்டடிங்க. கல்லறைக்கு.”

சிரித்துவிட்டார். “அசல் ஓனிக்ஸும் ஹகீக் குடும்பம்தான்மா. கோடு மட்டும் வளையாம நேரா போகும். நம்ம கைக்கு வர்றது இந்தச் சைஸ்தான்” என்று சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். “மூணடிக்கு அசல் ஓனிக்ஸ் கெடச்சா நானே போய் அதுக்கடியில படுத்துக்குவேன்.”

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, “மாப் கரோ அம்மா, வாய் தவறிப்போச்சு” என்றார். எனக்கு என்னவோ சிரிப்பு வந்தது. பரவாயில்லை என்றேன்.

பிறகு ஒரு ஊசியை எடுத்தார். தன்னுடைய ஹகீக் மணி மேல் அழுத்திக் கீறினார், ஒன்றும் ஆகவில்லை. என் சில்லு மேல் கீறினார், வெள்ளையாகப் பொடி உதிர்ந்து கோடு விழுந்தது. “பாத்தீங்களா? என் ஜாதிக் கல்ல இரும்பு கீறாது. இது வேற. என்னதுன்னு எனக்குத் தெரியாது, தெரியாததச் சொல்லக் கூடாது” என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. காசு வாங்க மாட்டேன் என்றார். போகும்போது இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்: கடையில் அடர் நீலத்திலும் ரோஜா நிறத்திலும் பளிச்சென்று வரிக் கல் மாலை தொங்கினால், அதில் பெரும்பாலும் சாயம் ஏற்றியிருப்பார்கள். கல் அசல்தான், நிறம்தான் சாயம். அதைச் சொல்லி விற்றால் தப்பில்லை, சொல்லாமல் விற்றால் தப்பு.

பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு எழுபது ரூபாய், ரசம் நன்றாக இருந்தது. அங்கிருந்து ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் எட்டு கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோ 160. பலகை பலகையாகக் கல் அறுத்து விற்கும் கிரானைட் யார்டுகள் அங்கங்கே இருக்கின்றன. நடந்தே பார்க்கலாம், ஆனால் லாரிப் புழுதி அதிகம். தலைக்கு முந்தானை போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் யார்டில் ஒருவர் என் சில்லைத் தொடாமலே “மார்பிள்” என்றார். அங்கே நிறுத்தி வைத்திருந்த பலகைகளில் வெளிநாட்டுப் பெண் பெயர் மாதிரி என்னென்னவோ எழுதி ஒட்டியிருந்தது. இரண்டாவது யார்டுக்குப் போனால் அதே கல், அதே வரி, வேறு பெயர். விலையும் சதுர அடிக்கு நாற்பது ரூபாய் வித்தியாசம். அதிலிருந்து நான் தெரிந்துகொண்டது, பலகையில் ஒட்டியிருப்பது வியாபாரத்துக்கு வைத்த பெயர். அதை வைத்துக் கல்லின் குணம் தெரியாது.

மூன்றாவது யார்டில்தான் பிரேமாவைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும், சூப்பர்வைசர். ஆண்கள் சட்டை ஒன்றைச் சேலை மேல் போட்டுக்கொண்டு, கல் அறுக்கும் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டிருந்தாள். கோலார் தங்கவயல் தமிழ்ப் பெண்.

“இன்னாக்கா, கிச்சன் மேடைக்கா, படிக்கட்டுக்கா?”

நான் சில்லையும் பில்லையும் நீட்டினேன். பில்லைப் படித்துவிட்டு, “ஓனிக்ஸ் கிரானைட்டா? இது எப்டிக்கா இருக்குதுன்னா, கோழி ஆடுன்னு சொல்ற மாதிரி கீது. ரெண்டுல ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தயிர் சாதத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத் துண்டை எடுத்தாள். ஆணியால் என் சில்லைச் சுரண்டிக் கொஞ்சம் பொடி எடுத்து, அதன் மேல் இரண்டு சொட்டு பிழிந்தாள். பொடி குமிழ் விட்டு நுரைத்தது. சோடா மாதிரி பெரிதாக இல்லை, சின்னச் சின்னக் குமிழ். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்தில் கிடந்த கிரானைட் துண்டில் அதே மாதிரி செய்தாள். ஒன்றுமே இல்லை.

“இது சுண்ணாம்பு ஜாதிக்கா. ஊத்துத் தண்ணி, குகைத் தண்ணி சொட்டிச் சொட்டிப் பட்டை பட்டையாப் படிஞ்சு கல்லாகுது. படிச்சவங்க கால்சைட்டும்பாங்க. கடையில ஓனிக்ஸ் மார்பிள்னு விப்பாங்க. அசல் ஓனிக்ஸும் இல்ல, அசல் மார்பிளும் இல்ல. அழகா இருக்கும், பின்னால பல்பு வச்சா இன்னும் அழகு. பூஜை ரூமுக்கு, ஓட்டல் ரிசப்ஷனுக்கு வாங்குவாங்க. வெளிய வைக்கற கல்லே இல்ல இது. எங்க வச்சிருந்தீங்க?”

சொன்னேன். புளியையும் சொன்னேன். மகள் என்றும் சொன்னேன். மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். சத்தம் நின்றது.

“அப்ப அழிச்சது நான்தானா?” என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் தொண்ணூறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன் என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவள் சில்லை என் கையில் திரும்ப வைத்தாள். பிறகு சொன்னாள். “ஆமாக்கா. புளிதான் தின்னுச்சு. பொய் சொல்ல மாட்டேன். நீங்க தொடலைன்னாலும் மழை தின்னிருக்கும், ஆனா மெதுவா. ரெண்டு மூணு வருஷத்துல பாலிஷ் போயிருக்கும். பில்லுல சரியாப் பேர் போட்டிருந்தா நீங்க இத வெளியவும் வச்சிருக்க மாட்டீங்க, புளியும் போட்டிருக்க மாட்டீங்க.”

இரண்டு மாதமாகக் கடைக்காரர் பழியை என் மேல் தள்ளினார், மற்றவர்கள் ‘நீ இல்லை, நீ இல்லை’ என்று தேற்றிக்கொண்டிருந்தார்கள். யார் சொன்னதும் எனக்கு ஆறவில்லை. இந்தப் பெண் ஆமாம் என்று சொன்னதும்தான் மூச்சு சீராக வந்தது. அங்கேயே ஒரு கல் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவள் டீ வாங்கிவரச் சொன்னாள். இருவரும் குடித்தோம்.

பிறகு கல் பார்க்க ஆரம்பித்தோம். கல்லறைக்கு நல்லது கறுப்புக் கல்தான் என்று பிரேமா சொன்னாள். எழுத்து பளிச்சென்று தெரியும், துடைத்தாலே போதும். ஆனால் எனக்கு வரி வேண்டும். சரி என்று பின்னால் கூட்டிப்போனாள். பாலிஷ் போடாத பலகைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. ஒரு ஆள் டப்பாவில் தண்ணீர் மொண்டு வீசினார். நனைந்ததும் கறுப்பு, வெள்ளை, லேசான ரோஜா நிறம் என்று பட்டை பட்டையாக வரி எழுந்து வந்தது. பாலிஷ் போட்டால் ஏறக்குறைய நனைந்த நிறம்தான் வரும். அதனால் காய்ந்த கல்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

“இதுவும் கிரானைட்டா?” என்றேன்.

“யார்டுல கெட்டியா இருக்கற எல்லாத்தையும் கிரானைட்டுன்னுதான்க்கா சொல்வோம். இதோட சரியான பேரு நைஸ். நல்லாருக்குன்னு சொல்ற நைஸ் இல்லக்கா, கல்லோட பேரே அதான். பூமிக்கடியில சூட்டுலயும் பாரத்துலயும் நசுங்கி, கறுப்பு தனியா வெளுப்பு தனியாப் பிரிஞ்சு பட்டையானது. பக்கத்துல அது பாருங்க, மேகம் மாதிரி கீதே, அது வேற கல்லுன்னு நெனச்சீங்களா? அதே கல்லுதான். கோட்டுக்குக் குறுக்க அறுத்தா வரி. கோட்டோட படுக்கையா அறுத்தா மேகம். அதுக்கே ரெண்டு பேர் வச்சு ரெண்டு விலைக்கு விக்கற ஆளுங்க இருக்காங்க.”

ஆணியால் கீறிப் பார்க்கச் சொன்னாள். கீறினேன், ஆணியின் சாயம்தான் கல்லில் படிந்தது, கல்லுக்கு ஒன்றும் இல்லை. எலுமிச்சை நுரைக்கவில்லை. அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. எதிர்க் கடைக்குப் போய்ப் பத்து ரூபாய்க்குப் புளியும், ஒரு தென்னை நாரும் வாங்கிக்கொண்டு வந்தேன். பாலிஷ் போட்ட அதே கல்லின் துண்டு ஒன்று கேட்டேன். கொடுத்தாள். புளியைக் கரைத்துப் பூசிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

“யக்கா, கல்லு வாங்க வந்தீங்களா, பாத்திரம் தேய்க்க வந்தீங்களா?” என்று மெஷின் ஆள் ஒருவர் கேட்டார். இன்னொருவர், “மேடம், அந்தம்மாவ வேலைக்கு வச்சுக்குங்க, பாலிஷ் மெஷின் மிச்சம்” என்றார். பிரேமா அவர்களைப் பார்த்து, “வேலையப் பாருங்கடா” என்றாள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு.

அரை மணி நேரம் கழித்துத் தேய்க்க ஆரம்பித்தேன். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, வீட்டில் எப்படித் தேய்ப்பேனோ அப்படியே. பிரேமா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? கல்லறைக்கு வெறும் தண்ணி ஊத்தித் தொடச்சாலே போதும்க்கா. எதுக்கு இவ்ளோ தேய்க்கறீங்க?”

“உனக்குப் போதும் கண்ணு. எனக்குப் போதாது.”

“ஏன்க்கா?”

“சமைச்சுப் போட முடியாது, துணி தொவைக்க முடியாது, தலை பின்ன முடியாது. அவளுக்குன்னு நான் செய்யற வேலை இது ஒண்ணுதான் மிச்சம் இருக்குது. தொட்டாத் தேயற கல்ல வச்சுட்டு நான் தூர நின்னு பாக்கணுமா?”

அவள் குழாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினாள். நான் கழுவினேன். இருவரும் துண்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். அவள் முகம் அதில் தெரிந்தது. என் முகமும் தெரிந்தது.

“புளி போடுங்க, சோப்பு போடுங்க, உங்க இஷ்டம்” என்றாள். “பாத்ரூம் கழுவற ஆசிட் மட்டும் எந்தக் கல்லுக்கும் வேணாம். அதுக்கு இதுவும் தாங்காது.”

எழுத்து விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. வரிக் கல்லில் பெயர் எழுதினால் கண் கோட்டிலேயே போய்விடும், எழுத்து தெரியாது. அதற்காக ஒன்பது பலகைக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒன்பதாவதில் நடுவே ஐந்து விரல் அகலத்துக்கு வெளிர்ப் பட்டை ஒன்று கோடே இல்லாமல் ஓடியது. பெயர் அதில். மற்றதெல்லாம் வரி. பெயிண்ட் வேண்டாம், ஆழமாக வெட்டுங்கள் என்றேன். மேஸ்திரி ஒரு காகிதத்தில் ‘ரோஸ்லின் மேரி’ என்று எழுதிக் காட்டினார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சரி என்றேன்.

மூன்றடிக்கு இரண்டடி, ஒன்றேகால் அங்குலக் கனம், பாலிஷோடு 2,900 ரூபாய். எழுத்து வெட்டக் கூலி 600. கொள்ளேகால் வரும் லாரியில் போட்டுவிட 400. பில் எழுதும்போது பிரேமாவே, “என்ன பேர் போடட்டும்?” என்று கேட்டாள். “நீ சொன்ன பேரப் போடு” என்றேன். ‘நைஸ், வரி அறுப்பு, வெளி உபயோகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாலை 4.40 பஸ் பிடித்து, ஹனூருக்கு வரும்போது எட்டாகிவிட்டது.

வரிக் கல் வாங்கப் போகிறவர்களுக்கு என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். வரியைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாத கல்லெல்லாம் வரியோடு வரும். அதனால் காசு கொடுக்கும் முன் ஒரு சில்லு கேளுங்கள். ஆணியால் கீறுங்கள், பொடி எடுத்து எலுமிச்சை பிழியுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்து அது நுரைத்தால் சுண்ணாம்பு ஜாதி, வீட்டுக்குள் வையுங்கள். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் வெளியே வைக்கலாம். சில்லு தர மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம். பில்லில் கல்லின் பெயரை எழுதி வாங்குங்கள், ஒரே பெயராக. யார்டுகளுக்குச் செவ்வாய், புதனில் போங்கள், ஞாயிறு மூடியிருக்கும், சனிக்கிழமை கூட்டம். பழைய கல்லை நான் தூக்கிப் போடவில்லை, வீட்டுக்குள் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். ஈரத்துணிகூட வைப்பதில்லை.

புதுக் கல் பத்தாம் நாள் வந்தது. தம்பியும் கொத்தனாரும் வைத்தார்கள், ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் வாளியும் நாரும் ஒரு உருண்டைப் புளியும் எடுத்துக்கொண்டு நான் தனியாகப் போனேன். வழியில் பார்த்த ஒரு அம்மா, “நவம்பர் வர இன்னும் எத்தனை மாசம் இருக்குது, இப்பவே என்ன?” என்று கேட்டார்கள்.

“அழுக்கு நவம்பர் வரைக்கும் காத்துட்டு இருக்குமாங்க?” என்றேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன்.